விரிதாளுக்கும் தொலைதூரத் தரவுத்தளத்துக்கும் நடுவே எந்த மென்பொருள்?

2020 அக்டோபர் 2ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பான பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து தன் கொரோனா கணக்கில் பெரிய ஓட்டை இருப்பதைக் கண்டது. செப்டம்பர் 25 தொடங்கி அன்றுவரை தொற்று உறுதியானவர்களில் 15,841 பேர் தினசரிக் கணக்கில் ஏறவே இல்லை. தொற்று இருக்கும் செய்தி அவரவர்க்குப் போய்விட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியாளர்களிடம் அந்தப் பெயர்கள் வந்து சேரவில்லை. தொற்று வேகமாகப் பரவிக்கொண்டிருந்த ஒரு வாரம் கையைவிட்டுப் போனது.

காரணம் ஒரு கோப்பு வகை. பரிசோதனைக் கூடங்கள் முடிவுகளை சிஎஸ்வி கோப்புகளாக அனுப்பின. சிஎஸ்வியில் இத்தனை வரிசைதான் என்ற வரம்பு கிடையாது. அவற்றை மைய அமைப்புக்குள் ஏற்றும் வழியில் பழைய எக்ஸ்எல்எஸ் வகை எக்செல் கோப்பு ஒன்று இருந்தது. அந்த வகையில் 65,536 வரிசைகளுக்கு மேல் நிற்காது. ஒருவருடைய முடிவே பல வரிசைகளைப் பிடித்ததால், ஒரு கோப்பில் சுமார் 1,400 பேர்தான் அடங்கினார்கள். மிஞ்சியவர்கள் விடுபட்டார்கள். எக்செலின் 2007 பதிப்பிலேயே இந்த வரம்பு 10,48,576 வரிசைகளாக உயர்ந்துவிட்டது. 13 ஆண்டுகள் கழிந்த பிறகும் பழைய வகைக் கோப்பு அந்த வழியில் உட்கார்ந்திருந்தது.

அனுப்பிய இடத்தில் தரவு முழுமையாக இருந்தது. நடுவில் இருந்த பாலம்தான் தவறியது. இந்த அத்தியாயம் அந்தப் பாலத்தைப் பற்றியது: அலுவலக மேசையில் இருக்கும் எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் விரிதாளை, வேறு ஊரில் இருக்கும் சர்வரின் தரவுத்தளத்தோடு இணைக்க எதைத் தேர்ந்தெடுப்பது?

இறக்கி, திறந்து, ஒட்டும் வழக்கம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர், துணி வரவு, தையல் பிரிவின் அன்றாட உற்பத்தி எல்லாம் மும்பையில் உள்ள கிளவுட் சர்வரில், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இருக்கின்றன. மெர்ச்சண்டைசர் ஒவ்வொரு நாள் காலையும் சிஎஸ்வி கோப்பை இறக்குகிறார். இரண்டு முறை கிளிக் செய்து எக்செலில் திறக்கிறார். நேற்றைய ஷீட்டின் மேல் ஒட்டுகிறார். இதற்கு அரைமணி நேரம் போகிறது. நேரம் போவதைவிட, அந்த அரைமணியில் தரவுக்கு நேர்வதுதான் கவலை தருவது.

குழந்தைகள் உடுப்பின் அளவு 2-3, 3-4 என்று வயதைக் கொண்டு குறிக்கப்படும். சிஎஸ்வியைத் திறக்கும் எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு மார்ச் 2, ஏப்ரல் 3 என ஆக்கிவிடும். 00412 என்ற ஸ்டைல் எண் 412 ஆகிவிடும். இரண்டு எண்களுக்கு நடுவே ஆங்கில இ எழுத்து வரும் குறியீட்டைப் பத்தின் அடுக்கு என்று கருதி, வேறோர் எண்ணாக மாற்றிவிடும். 16 இலக்க எண் வந்தால் கடைசி இலக்கம் சுழியமாகும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கம் வரையே துல்லியம் காக்கும். சேமித்து மூடிய பிறகு பழையது என்ன என்று கண்டுபிடிக்க வழியில்லை.

இது ஏதோ சிற்றலுவலகத்தின் கவனக்குறைவு அல்ல. மரபணுப் பெயர்கள் தேதிகளாக மாறிப்போன எக்செல் பட்டியல்களை ஆய்விதழ்களிலேயே காணலாம். எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஜீனோம் பயாலஜி இதழில் வந்த ஆய்வு காட்டியது. 2020இல் மரபணுப் பெயரிடும் குழுவே இறங்கிவந்து, மார்ச் என்றும் செப்ட் என்றும் தொடங்கிய மரபணுக்களின் குறியீடுகளை மாற்றியது. தானாக மாற்றும் வழக்கத்தை நிறுத்திவைக்கும் விருப்பத்தை மைக்ரோசாஃப்ட் 2023இல் எக்செலில் சேர்த்தது.

தரவுத்தளத்தோடு நேரடியாக இணைத்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி இல்லாமல் போகும். சிஎஸ்வியில் எல்லாமே வெறும் எழுத்து. எது எண், எது தேதி என்று எக்செல் ஊகிக்க வேண்டியிருக்கிறது. தரவுத்தளமோ ஒவ்வொரு நெடுவரிசையும் எந்த வகை என்பதைச் சேர்த்தே அனுப்புகிறது. அளவு எழுத்து வகையாக இருந்தால் 2-3 என்பது 2-3 ஆகவே வந்து விழும். வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், பார்கோடு போன்றவற்றைத் தரவுத்தளத்திலும் எழுத்து வகையாகவே வைத்திருக்க வேண்டும். அங்கே எண் வகையாக இருந்தால் 15 இலக்க வரம்பு நேரடி இணைப்பிலும் குறுக்கே வரும்.

படிப்பதா, எழுதுவதா?

மென்பொருள் கடைக்குள் நுழையும் முன் விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. தரவுத்தளத்திலிருந்து விரிதாளுக்கு எடுத்துவந்தால் போதுமா, விரிதாளில் திருத்தியதைத் திரும்பவும் தரவுத்தளத்தில் எழுத வேண்டுமா?

பெரும்பாலான அலுவலகங்கள் இரண்டும் வேண்டும் என்றே சொல்லத் தொடங்கும். யார், எந்தெந்த நெடுவரிசையை, வாரத்தில் எத்தனை முறை திருத்துகிறார் என்று எழுதிப் பார்த்தால், எழுதும் தேவை ஒருவருக்கோ இருவருக்கோ, ஓரிரு அட்டவணைகளில் மட்டும் இருப்பது தெரியவரும். மற்ற எல்லோருக்கும் படித்தல் மட்டுமே. இந்தப் பிரிவினை செலவை வெகுவாகக் குறைத்துவிடும். படிப்பதற்கான மென்பொருள் ஏற்கெனவே எக்செலிலும் லிப்ரே ஆபீஸிலும் இருக்கிறது, தனியாகக் காசு தரத் தேவையில்லை. எழுதுவதற்குத்தான் பணமும் எச்சரிக்கையும் வேண்டும்.

டிரைவர் என்ற மொழிபெயர்ப்பாளர்

விரிதாள் நேரடியாகத் தரவுத்தளத்தோடு பேசுவதில்லை. நடுவே டிரைவர் என்ற சிறு மென்பொருள் வேண்டும். அதற்கான பொது ஒழுங்குமுறைதான் ஓடிபிசி. மைக்ரோசாஃப்ட் 1992இல் கொண்டுவந்தது. அதுவரை ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனி இணைப்பு எழுத வேண்டியிருந்தது. ஓடிபிசி வந்த பிறகு அந்தத் தரவுத்தளத்துக்குரிய டிரைவரை நிறுவினால் எந்த விரிதாளும் அதோடு பேசலாம் என்றானது. ஜாவா உலகில் இதே வேலையை 1997இல் வந்த ஜேடிபிசி செய்கிறது. லிப்ரே ஆபீஸ் இரண்டையும் ஏற்கும்.

இடையில் ஓடிபிசிக்கு ஒரு போட்டி இருந்தது. ஓஎல்இ டிபி என்ற தன் மற்றொரு முறையை எஸ்க்யூஎல் சர்வருக்கு இனி வளர்க்கப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2011இல் அறிவித்தது. 2017இல் அந்த முடிவை மாற்றிக்கொண்டு, 2018இல் புதிய டிரைவரே வெளியிட்டது. அந்த ஆறு ஆண்டுகளுக்குள் அறிவிப்பை நம்பி வேலைகளை மாற்றியமைத்தவர்கள் உண்டு. 30 ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து நிற்கும் ஓடிபிசியைத் தேர்ந்தெடுப்பதே சிறு அலுவலகத்துக்குப் பாதுகாப்பான வழி.

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றுக்கும் அவற்றை உருவாக்குவோரே தரும் ஓடிபிசி டிரைவர்கள் இலவசம். ஆனால் நிறுவும்போது பலரும் இடறி விழும் ஒரு கல் இருக்கிறது: 32 பிட்டா, 64 பிட்டா என்பது. டிரைவர் எந்த வகை என்பதை விண்டோஸ் தீர்மானிப்பதில்லை, எக்செல்தான் தீர்மானிக்கிறது. விண்டோஸ் 64 பிட்டாக இருந்து, அதில் 32 பிட் ஆபீஸ் நிறுவப்பட்டிருந்தால், டிரைவரும் 32 பிட்டாகவே இருக்க வேண்டும். 2010இல் 64 பிட் ஆபீஸ் முதன்முதலாக வந்ததிலிருந்து இந்தக் குழப்பம் தொடர்கிறது. டிரைவரை நிறுவிவிட்டார்கள், இணைப்புப் பெயரும் உருவாக்கிவிட்டார்கள், ஆனால் எக்செலின் பட்டியலில் அது தென்படவில்லை என்றால் காரணத்தை முதலில் இங்கேதான் தேட வேண்டும்.

விண்டோஸின் அமைப்பும் இதில் உதவுவதில்லை. ஓடிபிசி அமைக்கும் கருவி இரண்டு உண்டு, இரண்டுக்கும் ஒரே கோப்புப் பெயர். 64 பிட் கருவி இருப்பது சிஸ்டம்32 என்ற கோப்புறையில். 32 பிட் கருவி இருப்பது பெயரிலேயே 64 உள்ள சிஸ்வாவ்64 கோப்புறையில். தொடக்கத்தில் எக்செலின் "அக்கவுண்ட்" பக்கத்தில் "அபவுட் எக்செல்" என்பதைத் திறந்து 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொண்டால் ஒரு நாள் மிச்சமாகும்.

இன்னொரு கல் மைஎஸ்க்யூஎல்காரர்களுக்கு. 2018இல் வந்த 8.0 பதிப்பில் கடவுச்சொல் சரிபார்க்கும் முறை மாறியது. பழைய டிரைவர் புதிய சர்வரின் வாசலிலேயே நின்றுவிடும். கடவுச்சொல் தவறு என்று நினைத்து அதையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பதைவிட, டிரைவரின் புதிய பதிப்பை இறக்குவது நல்லது.

கையில் இருப்பவை

எக்செல் 2016 முதல் "டேட்டா" பட்டையில் தரவை எடுத்துவரும் பவர் குவெரி என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. 2010, 2013 பதிப்புகளுக்கு அது தனியாக நிறுவவேண்டிய துணைக்கருவியாக வந்தது. 1990களிலிருந்து ஆபீஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் குவெரியும் இன்னும் வேலை செய்கிறது. ஒரு கட்டத்தில் எழுதிய மதிப்பை நிபந்தனையாக எடுத்துக்கொண்டு தரவைக் கேட்பது அதில் எளிது. புதிதாகத் தொடங்குபவர் பவர் குவெரியையே எடுக்கலாம்.

பவர் குவெரியில் செய்யும் ஒவ்வொரு வேலையும் ஒரு படியாகப் பதிவாகும்: இந்த அட்டவணையை எடு, இந்த மாதத்தை மட்டும் வடிகட்டு, இந்த ஐந்து நெடுவரிசைகளை வை, பையர் வாரியாகக் கூட்டு. மறுநாள் "ரிஃப்ரெஷ்" அழுத்தினால் எல்லாப் படிகளும் அதே வரிசையில் புதிய தரவின் மேல் நடக்கும். திருப்பூர் அலுவலகத்தின் அரைமணி வேலை ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வடிகட்டுவதும் கூட்டுவதும் எங்கே நடக்கிறது? முடிந்தவரை இந்தப் படிகளை ஒரே எஸ்க்யூஎல் கேள்வியாக மடித்துச் சர்வருக்கே அனுப்பிவிடும் திறமை பவர் குவெரிக்கு உண்டு. அப்படி மடிந்தால் மும்பையில் 20 லட்சம் வரிசைகள் இருந்தாலும் திருப்பூருக்கு 40 வரிசைகள் மட்டும் வரும். மடியாவிட்டால் 20 லட்சமும் கம்பி வழியே இறங்கி, இங்கே கணினியில் வடிகட்டப்படும். வேகத்தில் வானுக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம். வடிகட்டும் படிகளை முதலில் வைப்பதும், எழுத்தைத் துண்டாக்குவது, வரிசை எண் போடுவது போன்றவற்றைக் கடைசியில் வைப்பதும் மடிப்பைக் காப்பாற்றும். சில இணைப்புகளில் ஒரு படியின் மேல் வலது கிளிக் செய்தால் சர்வருக்குப் போகும் கேள்வி தெரியும். அது தெரிகிறதா என்பது நல்ல சோதனை.

பவர் குவெரியின் மைஎஸ்க்யூஎல் இணைப்புக்கு ஓடிபிசிக்குப் பதிலாக ஆரக்கிளின் கனெக்டர் நெட் என்ற வேறொரு பொதி வேண்டும். அதை நிறுவ மனமில்லை என்றால் "ஃப்ரம் ஓடிபிசி" வழியாகப் போகலாம். மேக் கணினிகளில் எக்செலின் இந்த வசதிகள் விண்டோஸ் அளவுக்கு முழுமையானவை அல்ல. அங்கே தனியார் நிறுவனங்கள் விற்கும் ஓடிபிசி டிரைவர்களை நாடவேண்டி வரலாம்.

லிப்ரே ஆபீஸில் வேலை வேறு விதமாக நடக்கும். முதலில் பேஸ் என்ற பகுதியில் தரவுத்தளத்தை இணைத்து ஓடிபி கோப்பாகப் பதிவு செய்ய வேண்டும். பிறகு கால்க் விரிதாளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்4 மூன்றையும் அழுத்தினால் மேலே தரவு மூலங்களின் பலகம் திறக்கும். அங்கிருந்து அட்டவணையை இழுத்துக் கட்டத்தில் விட்டால் தரவு வந்து நிரம்பும். "டேட்டா" பட்டியலில் "ரிஃப்ரெஷ் ரேஞ்ச்" கொடுத்தால் புதுப்பிக்கும். பவர் குவெரி அளவுக்குப் படிப்படியான வடிகட்டல் இல்லை. அதனால் சர்வரிலேயே வியூ என்ற தயார் நிலைப் பார்வையை உருவாக்கிவைத்து, அதை மட்டும் இழுப்பதே நல்ல வழி. உரிமக் கட்டணமே இல்லாமல் பத்துக் கணினிகளில் இதைச் செய்துவிடலாம் என்பது சிறு நிறுவனத்துக்கும் பள்ளிக்கும் பெரிய விஷயம்.

இந்திய அலுவலகங்களில் டேலி என்ற கணக்கு மென்பொருளைத் தவிர்த்து இந்தப் பேச்சு முழுமையாகாது. டேலியும் ஓடிபிசி சர்வராக நடந்துகொள்ளும். வழக்கமான போர்ட் எண் 9000. எக்செலிலிருந்து லெட்ஜர், சரக்கு இருப்பு போன்றவற்றை எடுக்கலாம். அதற்கு டேலி திறந்திருக்க வேண்டும், உரிய நிறுவனத்தின் கணக்கும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். 32, 64 பிட் விதி இங்கும் அப்படியே பொருந்தும்.

திரும்ப எழுதுவது

பவர் குவெரி படிக்க மட்டுமே செய்யும். அதைக் குறை என்று சொல்வோர் உண்டு. அலுவலகத்தில் பத்துப் பேர் கைவைக்கும் ஷீட்டுக்கு அது பெரிய பாதுகாப்பு.

எழுத வேண்டும் என்பவர்களுக்கு ஆரக்கிள் ஒரு காலத்தில் மைஎஸ்க்யூஎல் ஃபார் எக்செல் என்ற இலவசத் துணைக்கருவியைத் தந்தது. அட்டவணையை ஷீட்டில் திறந்து, கட்டத்தைத் திருத்தி, ஒரு பொத்தானில் திருப்பி அனுப்பலாம். 1.3 வரிசைப் பதிப்புகளோடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. பழைய வழிகாட்டிகளில் அதன் பெயர் இன்றும் வரும். புதிதாகத் தொடங்கும் வேலையை அதன் மேல் கட்டக் கூடாது. இன்று அந்த இடத்தில் சந்தா அடிப்படையிலான கருவிகள் இருக்கின்றன: பல தரவுத்தளங்களுக்கு டெவார்ட், சிடேட்டா நிறுவனங்களின் எக்செல் துணைக்கருவிகள், எஸ்க்யூஎல் சர்வருக்கு எஸ்க்யூஎல் ஸ்ப்ரெட்ஸ். எக்செலின் விபிஏ மொழியில் நிரல் எழுதத் தெரிந்தவர் இருந்தால் செலவில்லாமலும் செய்துகொள்ளலாம், அவர் வேலையை விட்டுப் போனால் அதைப் பராமரிப்பவர் யார் என்ற கேள்விக்கு விடை இருக்கும்பட்சத்தில்.

எந்தக் கருவியானாலும் விற்பனையாளரிடம் கேட்கவேண்டியது இது. காலை 10 மணிக்கு இருவர் ஒரே ஆர்டரைத் திறக்கிறார்கள். ஒருவர் அளவை 1,200 என்று மாற்றி 10.05க்கு அனுப்புகிறார். மற்றவர் கையில் இருப்பது பழைய 1,000. அவர் ஷிப்மென்ட் தேதியை மட்டும் மாற்றி 10.10க்கு அனுப்புகிறார். இப்போது அளவு என்னவாக இருக்கும்? மாறிய கட்டத்தை மட்டும் அனுப்பும் கருவியில் 1,200 நிற்கும். முழு வரிசையையும் அனுப்பும் கருவியில் 1,000 திரும்பி வந்துவிடும், யாருக்கும் தெரியாமல். "இந்த வரிசையை வேறொருவர் மாற்றிவிட்டார்" என்று நிறுத்திக் கேட்கும் கருவிக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறே இல்லை.

இன்னும் பாதுகாப்பான வழி, உண்மை அட்டவணையில் விரிதாளை எழுதவே விடாமல், தனியாக ஒரு காத்திருப்பு அட்டவணையில் எழுதவைப்பது. வந்த திருத்தங்களைச் சர்வரில் உள்ள நிரல் சரிபார்க்கும்: பையர் பெயர் பட்டியலில் இருக்கிறதா, தேதி கடந்ததா, அளவு எதிர்மறையா என்று. தேறியவை மட்டும் உண்மை அட்டவணைக்குப் போகும். நிரலருக்கு ஓரிரு நாள் வேலைதான். அதன் பலன் ஆண்டுக் கணக்கில் கிடைக்கும்.

தூரம்

சோதனை அறையில் பறக்கும் மென்பொருள் தொலைதூர சர்வரில் தவழ்வதற்குக் காரணம் இணைய வேகம் என்றே பலரும் நினைப்பார்கள். கேபிளை மாற்றி அதிக எம்பிபிஎஸ் வாங்கினாலும் பலன் தெரியாது. பிரச்சினை அகலத்தில் இல்லை, போய்வரும் நேரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து மும்பை சர்வருக்குப் போய்த் திரும்ப 0.03 விநாடி, அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குக் கால் விநாடி என்று கொண்டால், 5,000 வரிசைகளை ஒவ்வொன்றாக அனுப்பும் மென்பொருள் மும்பைக்கு இரண்டரை நிமிடம் எடுக்கும். வர்ஜீனியாவுக்கு ஏறத்தாழ 21 நிமிடம். அதே 5,000 வரிசைகளை நூறு நூறாகக் கட்டி அனுப்பும் மென்பொருளுக்கு வர்ஜீனியாவுக்கே 13 விநாடியளவு போதும். மொத்தமாகக் கட்டி அனுப்புமா என்பது எழுதும் கருவி வாங்கும்போது கேட்கவேண்டிய இரண்டாவது கேள்வி.

திறந்த கதவு

2003 ஜனவரி 25 அன்று எஸ்க்யூஎல் ஸ்லாமர் என்ற புழு இணையத்தில் பரவியது. பாதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கை தொடக்கத்தில் எட்டரை விநாடிக்கு ஒருமுறை இரட்டித்தது. பத்து நிமிடத்தில் தாக்கப்படக்கூடிய கணினிகளில் பெரும்பகுதியை, ஏறத்தாழ 75,000 கணினிகளை, பிடித்துவிட்டது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஆறு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. திருத்தம் போடப்படாமல், இணையத்தை நோக்கித் திறந்துகிடந்த தரவுத்தள சர்வர்கள் இரையாகின.

விரிதாளை இணைக்கும் அவசரத்தில் இதே கதவுதான் இன்றும் திறக்கப்படுகிறது. வாடகை ஹோஸ்டிங்கில் எந்த ஐபி முகவரியிலிருந்து தரவுத்தளத்துக்கு வரலாம் என்று குறிக்கும் பக்கம் உண்டு. அலுவலக பிராட்பேண்டின் முகவரி அடிக்கடி மாறும். மாறும்போதெல்லாம் இணைப்பு அறுந்துபோகும். சலித்துப்போய் சதவீதக் குறியைப் போட்டு உலகம் முழுவதையும் அனுமதித்துவிடுகிறார்கள். மைஎஸ்க்யூஎலின் 3306, போஸ்ட்கிரெஸின் 5432, எஸ்க்யூஎல் சர்வரின் 1433 ஆகிய போர்ட்களை இணையம் முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன.

இதற்கு நல்ல தீர்வு எஸ்எஸ்ஹெச் சுரங்கம். 1995இல் பின்லாந்தில் உருவான எஸ்எஸ்ஹெச் முறையை விண்டோஸ் 10இல் 2018 முதல் தனியாக எதையும் நிறுவாமலே பயன்படுத்தலாம்; புட்டி என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. சுரங்கம் திறந்தபின் அலுவலகக் கணினியின் 3307 எண் வாசல், தொலைவில் உள்ள சர்வரின் 3306 வாசலுக்கு மறைகுறியாக்கத்தோடு இட்டுச்செல்லும். ஓடிபிசி அமைப்பில் சர்வர் பெயராக 127.0.0.1, போர்ட்டாக 3307 என்று கொடுத்தால் முடிந்தது. தரவுத்தளம் இணையத்துக்கு முகம் காட்டவே தேவையில்லை. பத்துப் பேருக்கு மேல் இணைக்கும் அலுவலகத்துக்கு விபிஎன் வசதியானது. நேரடியாகத்தான் இணைக்க வேண்டும் என்றால் டிரைவரின் டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்க அமைப்பைக் கட்டாயம் என்ற நிலைக்கு மாற்றியாக வேண்டும்.

சர்வரில் விரிதாளுக்கென்று தனிப் பயனர் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு படிக்க மட்டும், அதுவும் குறிப்பிட்ட வியூக்களை மட்டும் படிக்க முடிவதாக இருக்க வேண்டும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கை எக்செலில் கொடுப்பது கல்லாப்பெட்டிச் சாவியை வாசலில் மாட்டுவது போல. பழைய வகை இணைப்புகளில் "கடவுச்சொல்லைச் சேமி" என்று குறித்தால், அது மறைகுறியாக்கம் இல்லாமல் அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதப்படும். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கடவுச்சொல்லும் சேர்ந்து போகும். பவர் குவெரி அதைக் கோப்பில் வைக்காமல் அந்தக் கணினியில் வைக்கிறது. ஆனாலும் இழுத்துவந்த தரவு ஷீட்டிலேயே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. தொழிலாளர்களின் தொலைபேசி எண்ணும் வங்கிக் கணக்கும் அதில் இருந்தால், இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் அந்தக் கோப்பை எட்டும். தேவையில்லாத நெடுவரிசையை வியூவிலேயே விட்டுவிடுவது எளிய பாதுகாப்பு.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகும்போது

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் டிரைவர்களை நிறுவினால் பட்டியலில் இரண்டு பெயர்கள் வரும்: ஒன்று ஆன்சி, மற்றொன்று யூனிகோட். ஆன்சியைத் தேர்ந்தெடுத்தால் முருகேசன் என்ற பெயர் கேள்விக்குறிகளின் வரிசையாக வந்து நிற்கும். தமிழ்த் தரவுக்கு யூனிகோட் டிரைவர்தான்.

அதையும் செய்த பிறகு வேறொரு விதமான குப்பை வரலாம். வலைப்பக்கத்தில் பெயர் அழகாகத் தெரிகிறது. எக்செலில் மட்டும் பொருளற்ற லத்தீன் எழுத்துகள். இது டிரைவரின் குற்றமல்ல. 8.0 பதிப்புக்கு முன்புவரை மைஎஸ்க்யூஎல் அட்டவணைகளின் இயல்பான எழுத்துக்குறி லத்தீன்1. பல பழைய வலைத்தளங்கள் தமிழ் யூனிகோட் பைட்டுகளை லத்தீன்1 என்று சொல்லியே உள்ளே வைத்து, அதே பொய்யோடு வெளியே எடுத்துக் காட்டிவந்தன. டிரைவர் அட்டவணை சொல்வதை நம்பி லத்தீன் எழுத்துகளாகவே தருகிறது. தரவுத்தளத்தில் ஒருமுறை எழுத்துக்குறியைச் சரிசெய்தால்தான் தீரும். முதலில் முழு நகல் எடுத்துவைத்துவிட்டு நிரலர் ஒருவர் செய்யவேண்டிய வேலை அது.

தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்ற 2010க்கு முந்தைய பதிவுகளில் டாம், டாப் போன்ற எழுத்துருக் குறியாக்கங்களும், இலங்கைப் பதிவுகளில் பாமினியும் இருக்கக்கூடும். அவற்றை எந்த இணைப்பு மென்பொருளும் மாற்றித் தராது. மாற்றியில் இட்டு யூனிகோடாக்கிய பிறகே இணைப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

அரைநாள் சோதனை

விலை கொடுத்து வாங்கும் கருவிகளைப் பெரும்பாலும் சில நாள் இலவசமாகப் பயன்படுத்தத் தருகிறார்கள். அந்த நாட்களை விற்பனையாளரின் மாதிரித் தரவில் கழிக்கக் கூடாது. அலுவலகத்தின் மிக மோசமான 50 வரிசைகளைத் திரட்டிச் சோதனை அட்டவணை ஒன்றை உருவாக்க வேண்டும்: சுழியத்தில் தொடங்கும் எண், 2-3 என்ற அளவு, 16 இலக்கக் கணக்கு எண், மார்ச் 4 என்றும் ஏப்ரல் 3 என்றும் இரு விதமாகப் படிக்கக்கூடிய தேதி, காலியான தேதி, பைசாவோடு கூடிய தொகை, மேற்கோள் குறியும் காற்புள்ளியும் உள்ள முகவரி, தமிழ்ப் பெயர். படித்துப் பார்த்து, எழுதும் கருவியென்றால் எழுதியும் பார்த்து, 50ஐயும் சர்வரில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும்.

அதன்பின் உண்மை அளவுள்ள அட்டவணையை, அலுவலகத்தின் சாதாரண இணைப்பில், எல்லோரும் வேலை செய்யும் காலை 11 மணிக்கு இழுத்து நேரம் குறிக்க வேண்டும். புதுப்பிக்கும் நடுவில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் பார்க்க வேண்டும். பாதித் தரவோடு அமைதியாக நின்றுவிடுகிறதா, தவறு என்று உரக்கச் சொல்கிறதா? வரிசை எண்ணிக்கையைச் சர்வரில் ஒருமுறை, ஷீட்டில் ஒருமுறை எண்ணி அருகருகே ஒரு கட்டத்தில் காட்டும்படி அமைத்துக்கொண்டால், அந்த இரண்டு எண்களும் பொருந்தாத நாளில் மெர்ச்சண்டைசர் காலையிலேயே கவனித்துவிடுவார்.